பைன் கன்றுக்கு உரம் வைப்பதற்கு முன்

பைன் கன்றுக்கு என்ன உரம் வைக்கலாம் என்று கேட்டு வருபவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, அந்த இடத்தில் இதற்கு முன் என்ன இருந்தது என்பதாகும். உருளைக்கிழங்கு போட்ட நிலமா, தேயிலையைப் பிடுங்கிய நிலமா, சீகை (வாட்டில்) மரம் வெட்டிய சரிவா, கற்பூர மரத் (யூகலிப்டஸ்) தோப்பா, அல்லது காலங்காலமாகப் புல்லாகவே கிடந்த மேடா என்பதைப் பொறுத்து என் பதில் தலைகீழாக மாறும். கோத்தகிரிப் பக்கம் சிறிய அளவில் மரக்கன்று நர்சரி நடத்துவதால் ஒவ்வொரு மழைக்காலத்திலும் இந்தக் கேள்வி என்னிடம் வந்து சேர்கிறது. வருபவர்களில் பெரும்பாலோர் காட்டேஜ் கட்டி வேலியோரம் நிழலும் அழகும் வேண்டுபவர்கள்; சிலர் தேயிலைத் தோட்டத்தின் மேற்குப் பக்கத்தில் காற்றைத் தடுக்க ஒரு வரிசை மரம் வைக்க நினைப்பவர்கள். எல்லோரும் எதிர்பார்ப்பது ஒரே சொல்லில் முடியும் பதிலை: பதினேழு பதினேழா, இருபது இருபதா, டிஏபியா? மூட்டையின் பெயரைச் சொல்லிவிட்டால் உரக்கடைக்குக் கிளம்பிவிடுவார்கள். அவ்வளவு சுருக்கமாகச் சொல்ல முடியாத விஷயம் இது என்பதால், கேட்கும் ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொல்லி வந்ததை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நம் மலைகளில் பைன் என்று சொல்வது பெரும்பாலும் பைனஸ் பட்டுலா என்ற இனத்தை. மெக்சிகோவின் மலைச் சரிவுகள் அதன் சொந்த ஊர். மூன்று மூன்றாகக் கொத்துச் சேர்ந்து, மெலிந்து, நீண்டு, கீழ்நோக்கித் தொங்கும் ஊசியிலைகளைக் கொண்டு அதை எளிதில் அடையாளம் காணலாம். உதகையிலிருந்து கூடலூர் போகும் சாலையில் தலைக்குந்தாவுக்கு முன்னால் சுற்றுலாப் பயணிகள் இறங்கிப் படம் எடுக்கும் தோப்பு பைன் தோப்புதான். கொடைக்கானலில் பைன் நடவை 1906-ஆம் ஆண்டில் பிரையண்ட் என்ற வெள்ளைக்கார அதிகாரி தொடங்கியதாகச் சொல்வார்கள். அவர் பெயரில்தான் அங்கே பூங்காவும் இருக்கிறது. தென்னிந்தியாவுக்கென்று சொந்தமான பைன் எதுவும் கிடையாது. இந்தியாவில் பைன் இயல்பாக வளர்வது இமயமலையிலும் காசி மலை முதலான வடகிழக்கு மலைகளிலும் மட்டுமே. இந்தச் செய்தியை வரலாற்றுத் துணுக்காக நினைத்துத் தாண்டிவிடக் கூடாது, ஏனென்றால் உரத்தைப் பற்றிய பேச்சு முழுவதும் இதிலிருந்துதான் கிளம்புகிறது. ஒரு மரம் தனக்கு அந்நியமான மண்ணுக்குப் போகும்போது, அது தன் ஊரில் யாருடன் கூட்டுச் சேர்ந்து வாழ்ந்ததோ அந்தக் கூட்டாளி இல்லாமல் போகிறது.

அந்தக் கூட்டாளி பூஞ்சணம். பைன் வேரின் நுனிகளைப் போர்வை போலச் சுற்றிக்கொண்டு, அங்கிருந்து தலைமுடியைவிட மெல்லிய இழைகளை மண்ணுக்குள் வெகுதூரம் அனுப்பி, வேர் எட்டாத இடத்திலிருந்து தண்ணீரையும் மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) இழுத்து வந்து கொடுக்கும் பூஞ்சண வகைகள் பல உண்டு. பதிலுக்கு மரம் தான் தயாரிக்கும் சர்க்கரையில் ஒரு பங்கைக் கொடுக்கிறது. இந்த வேர்ப்பூஞ்சணம் இல்லாத மண்ணில் பைன் விதை முளைக்கும், சில மாதங்கள் பசுமையாகவும் நிற்கும், பிறகு மஞ்சளாகிக் குன்றிப் போகும். கரீபியக் கடலில் உள்ள போர்ட்டோ ரிக்கோ தீவில் 1930களிலிருந்து பைன் வளர்க்கச் செய்த முயற்சிகள் திரும்பத் திரும்பத் தோற்றன. 1955-ல் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துப் பைன் காட்டின் அடிமண்ணைக் கொண்டு வந்து கன்றுகளுக்கு இட்டுப் பார்த்தார்கள். மண் பெற்ற கன்றுகள் எழுந்தன, பெறாதவை பக்கத்திலேயே குட்டையாக நின்று செத்தன. தீவில் அத்தனை காலம் குறையாக இருந்தது பூஞ்சணம் ஒன்றே. அது இல்லாத வேருக்கு எந்த உரத்தைக் கொடுத்தும் பயனில்லை.

நீலகிரியில் இந்தக் கவலை இன்று பெரிதாக இல்லை. பழைய நடவுகளோடு பூஞ்சணமும் குடியேறிவிட்டது. மழை தொடங்கியதும் பைன் தோப்புகளின் சருகைத் தள்ளிக்கொண்டு எழும் காளான்களில் பலவும் இந்தக் கூட்டாளிகளின் தலைகள்தான். வெள்ளைப் பொட்டு வைத்த சிவப்புக் குடையாகக் குழந்தைகள் படம் வரைவது போலவே இருக்கும் அமானிட்டா மஸ்காரியா, வழுவழுப்பான பழுப்புத் தொப்பி கொண்ட சுய்லஸ், மண்ணுக்குள்ளேயே உருண்டையாகக் கிடக்கும் ரைசோபோகன் ஆகியவற்றை நம் பைன் வேர்களில் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நுண்ணோக்கியின் அடியில் வைத்து விவரித்திருக்கிறார்கள். சிவப்புக் குடை நஞ்சு என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சமையலுக்குக் காளான் பறிக்கும் பழக்கம் உள்ளவர்கள் பைன் தோப்பைத் தொடாமல் விடுவது நல்லது.

பூஞ்சணம் ஊரில் இருக்கிறது என்பதற்காக உங்கள் பையில் உள்ள நாற்றில் அது இருக்கும் என்று வைத்துக்கொள்ள முடியாது. சமவெளியிலிருந்து லாரியில் வரும் செம்மண்ணையும் தென்னை நார்க் கழிவையும் கலந்து நிரப்பிய பையில் வளர்ந்த நாற்றுக்கு அது எட்டாமல் போகலாம். ஆகவே நாற்று வாங்கும்போது ஒரு பையையாவது பிளேடால் நெடுக்காகக் கீறிப் பார்க்க வேண்டும். எந்த நர்சரிக்காரரும் ஒரு பைக்காகச் சண்டை போட மாட்டார். மண்கட்டியின் ஓரத்தில் ஓடும் பொடி வேர்களின் நுனி, கவைக்குச்சி மாதிரி இரண்டிரண்டாகப் பிரிந்து, குட்டையாகவும் சற்றுத் தடித்தும் இருந்து, அதைச் சுற்றி வெள்ளை நூலாம்படை படர்ந்திருந்தால் வேலை முடிந்தது. மண்ணை முகர்ந்தால் காளான் வாசனை வரும். நுனிகள் நீளமாக, வழுக்கையாக, ஒற்றையாக இருந்தால் அந்த நாற்றை வாங்கி எந்த உரம் வைத்தாலும் முதல் இரண்டு ஆண்டுகள் வீணாகும். நாற்றைச் சொந்தமாக வளர்ப்பவர்கள், நன்றாக வளர்ந்த பைன் மரத்தின் அடியில் மேல் சருகை ஒதுக்கிவிட்டு அதற்குக் கீழே உள்ள மக்கிய மண்ணை எடுத்து, பைக் கலவையில் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் போதும்.

நாற்றங்காலில் செய்யும் தவறுகளில் பெரியது சாம்பல். வீட்டுத் தோட்டத்தில் கத்தரிக்கும் அவரைக்கும் அடுப்புச் சாம்பல் போட்டுப் பழகிய கை, பைன் பாத்தியிலும் அதைத் தூவிவிடுகிறது. பைனுக்குப் புளிப்பு மண் வேண்டும். கார அமிலத்தன்மை (pH) ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் இருப்பது நல்லது. சாம்பலும் சுண்ணாம்பும் அதை மேலே தூக்கும்போது இரண்டு தொல்லைகள் சேர்ந்து வருகின்றன: முளைத்த நாற்றின் கழுத்து அழுகிச் சாயும் நாற்றழுகல் நோய்க்கு அது வாசலைத் திறந்துவிடுகிறது, தப்பிய நாற்றில் இரும்புச்சத்து வேருக்குக் கிட்டாமல் புது ஊசிகள் வெளுத்துப் போகின்றன. அதேபோல் நாற்றுப் பருவத்தில் தழைச்சத்தையும் (நைட்ரஜன்) மணிச்சத்தையும் தாராளமாகக் கொடுத்தால், எல்லாம் தானாகவே கிடைக்கும்போது கூட்டாளி எதற்கு என்று வேர் பூஞ்சணத்தைச் சேர்த்துக்கொள்வதில்லை. பார்வைக்குக் கொழுகொழுவென்று கரும்பச்சையாக இருக்கும் நாற்றுகளைவிட, நடுத்தர உயரத்தில் தண்டு மரமாக இறுகி நிற்கும் நாற்றுகளை நான் விரும்புவது இதனால்தான். நடுவதற்கு ஓரிரு மாதம் முன்பே தழைச்சத்தை அறவே நிறுத்திவிடுவது என் வழக்கம்.

இனி குழிக்கு வருவோம். வெப்ப மண்டலத்தில் பைன் நட்ட நாடுகள் எல்லாவற்றிலும், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கடற்கரை மணலாக இருந்தாலும் ஆப்பிரிக்க மேட்டு நிலத்தின் செம்மண்ணாக இருந்தாலும், இளங்கன்றை முதலில் தடுத்து நிறுத்தும் சத்துக்குறை பெரும்பாலும் மணிச்சத்துதான். நம் மலையில் இதற்குக் கூடுதல் காரணம் உண்டு. நீலகிரியின் சார்னோக்கைட் பாறை காலங்காலமாக மழையில் கரைந்து உருவான மண்ணில் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் மிகுதி. மேலே கறுப்பாக, மக்கு நிறைந்து, கையில் எடுத்தால் பஞ்சு போல இருக்கும் மண்ணைப் பார்த்து இது வளமான மண் என்று சமவெளிக்காரர்கள் மயங்கிப் போவார்கள். மக்கு உண்மைதான், ஆனால் நாம் போடும் பாஸ்பேட்டை அந்த இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொண்டு, வேருக்கு எளிதில் கொடுப்பதில்லை. உரத்தை நிலம் முழுவதும் பரவலாகத் தூவினால் அது மண்ணோடு அதிக அளவில் உறவாடி, அதிக அளவில் கட்டுண்டு போகும். ஓரிடத்தில் குவித்து வைத்தால் கட்டுண்டது போக மீதி வேருக்குக் கிடைக்கும். ஆகையால் பைனுக்கு மணிச்சத்தைத் தூவுவது கூடாது, கன்றுக்குக் கன்று வைக்க வேண்டும்.

அளவைக் கேட்பவர்களுக்குக் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கடையில் கிடைக்கும் சாதாரண சூப்பர் பாஸ்பேட்டில் 16 சதவீதம் பாஸ்பரஸ் பென்டாக்சைடு இருக்கிறது. கன்றுக்கு 100 கிராம் வைத்தால் அதில் 16 கிராம். தனிமமாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 7 கிராம் பாஸ்பரஸ் போகிறது. இரண்டரை மீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்குச் சுமார் 650 கன்றுகள். 65 கிலோ சூப்பர், அதாவது ஒன்றரை மூட்டைக்கும் குறைவு. வளரும் பைனுக்கு 50 முதல் 100 கிராம் வரை என்பது பல நாடுகளில் புழங்கும் அளவுதான். சூப்பரில் கந்தகமும் கால்சியமும் கூடவே வருவது ஒரு வசதி. இன்னொரு வழி ராக் பாஸ்பேட். தேயிலைக்காரர்களுக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மசூரி பாஸ், ராஜ்பாஸ் என்ற பெயர்களில் பழகியதுதான். சமவெளியின் கார மண்ணில் கல்லாகவே கிடக்கும் இந்தப் பொடி, நம் புளிப்பு மண்ணில் மெல்ல மெல்லக் கரைந்து சில ஆண்டுகளுக்குச் சத்துக் கொடுக்கும். அவசரம் இல்லாத மரத்துக்கு அவசரம் இல்லாத உரம் பொருந்துகிறது என்பது என் எண்ணம். முதல் ஆண்டே வேகம் வேண்டும் என்பவர்கள் பாதி சூப்பர், பாதி ராக் என்று குழியின் அடிமண்ணில் கலந்து, மேலே இரண்டு விரல் கனத்துக்கு வெறும் மண் போட்டு, அதன்மேல் கன்றை வைக்கலாம்.

ஆனால் முன்பு உருளைக்கிழங்கும் கேரட்டும் போட்ட நிலத்துக்கு இந்தக் கணக்கு எதுவும் வேண்டாம். நம் காய்கறி விவசாயிகள் மூட்டை மூட்டையாகக் காம்ப்ளக்ஸ் உரமும் கோழி எருவும் கொட்டிய நிலத்தில், மண் எத்தனை பிடித்து வைத்தாலும் தீராத அளவுக்கு மணிச்சத்து சேர்ந்திருக்கிறது. அங்கே பைனுக்கு வரும் சிக்கல் எதிர்ப்பக்கத்திலிருந்து வருகிறது. காய்கறிக்காகப் போட்ட டோலமைட் என்ற சுண்ணாம்புக் கல் பொடி மண்ணின் புளிப்பைக் குறைத்துவிட்டிருக்கும். அத்தகைய நிலத்தில் நட்ட பைன் கன்று புது ஊசியில் வெளுப்பைக் காட்டும்போது, உரம் போதவில்லை என்று நினைத்து இன்னும் ஒரு கை டோலமைட் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். இந்த நிலங்களுக்கு மண் பரிசோதனை செய்யாமல் எதுவும் போட வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுவேன். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனைக்குச் செலவு மிகச் சிறிது. ஒரு மூட்டை காம்ப்ளக்ஸின் விலைக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

தழைச்சத்தைப் பற்றி எனக்கும் பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) வரும் ஒரு பெரியவருக்கும் ஆண்டுதோறும் ஒரே பேச்சு நடக்கும். அவர் தேயிலையில் கை தேர்ந்தவர். கொழுந்து வேண்டும் என்றால் யூரியா என்பது அவருடைய வாழ்நாள் அனுபவம்.

"தம்பி, கன்றைச் சுத்தி ஒரு கை யூரியா வீசிவிட்டா சீக்கிரம் ஏறிடாதா?"

"ஏறும் ஐயா. ஆனா ஏறுறது கிக்குயூ புல்லுதான்."

அவர் சிரித்துவிட்டு, அப்படியானால் புல்லை மாட்டுக்கு அறுத்துக்கொள்கிறேன் என்பார். பேச்சு வேடிக்கையாக முடிந்தாலும் அதில் விஷயம் இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து வந்து நம் மலை முழுவதும் பாய் விரித்திருக்கும் கிக்குயூ புல், மேல்மண்ணில் விழும் எந்தச் சத்தையும் பைன் வேருக்கு முன்னால் எடுத்துக்கொள்ளும். தழைச்சத்து கிடைத்ததும் அது முழங்கால் உயரம் எழும்பிக் கன்றின் மேலேயே சாய்ந்து வெயிலை மறைக்கும். களை எடுக்காத இடத்தில் உரம் வைப்பது களைக்கு வைக்கும் விருந்து. கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் அகலத்துக்கு வட்டமாகக் கொத்தி, புல்லின் வேரோடும் கொடியைப் பிடுங்கி வெளியே எறிந்துவிட்டு, அதன் பிறகே உரத்தை எடுக்க வேண்டும். கூலி கட்டுப்படியாகாது, உரமோ களையோ ஒன்றுதான் முடியும் என்பவர்களுக்குக் களையை எடுங்கள், உரத்தை விடுங்கள் என்பதே என் பதில். வெறும் களையெடுப்பு மட்டும் செய்த கன்று, களைக்குள் உரம் பெற்ற கன்றைவிட மேலாக வருவதை யார் வேண்டுமானாலும் தம் நிலத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

களை எடுத்த பின் தழைச்சத்து கொடுக்க விரும்பினால், மணிச்சத்து போய்ச் சேர்ந்த பிறகு கொடுக்க வேண்டும். மணிச்சத்துக் குறை உள்ள இடத்தில் தழைச்சத்தை மட்டும் கொடுத்தால் கன்று நன்றாவதற்குப் பதில் கெடுவதும் உண்டு. பைன் வேர் அம்மோனிய வடிவத்திலுள்ள தழைச்சத்தை நன்றாக எடுத்துக்கொள்ளும். ஆகவே அமோனியம் சல்பேட் அதற்குப் பொருத்தமானது, மண்ணின் புளிப்பையும் அது காக்கும். குழிக்குள் ஒருபோதும் போடக் கூடாது, வேர் கருகிவிடும். கன்று பிடித்துப் புதுக் குருத்து விட்ட பின், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, கையளவில் பாதிக்கும் குறைவாக இட்டு, மண்ணால் மூட வேண்டும். சரிவான நிலத்தில் முழு வட்டம் தேவையில்லை. கன்றுக்கு மேல்பக்கத்தில் பிறை வடிவமாக ஒரு சிறு பள்ளம் கீறி அதில் வைத்து மூடினால், மழைத் தண்ணீர் அதைக் கரைத்து வேர்ப்பக்கம் இறக்கிவிடும். கீழ்ப்பக்கத்தில் வைத்தது அடுத்தவர் தோட்டத்துக்குப் போகும்.

எப்போது வைப்பது என்பதில் நீலகிரி முழுவதற்கும் ஒரே விதி கிடையாது. அவலாஞ்சி, நடுவட்டம், கூடலூர்ப் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது ஜூன், ஜூலையில் வைக்கும் தழைச்சத்து ஒரே வாரத்தில் ஓடையில் போய்விடும். அங்கே மழை ஓய்ந்து வரும் காலமே ஏற்றது. கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுகளுக்கும் கொடைக்கானலுக்கும் அக்டோபர், நவம்பர் மழை முக்கியம். ஆனால் அந்த மழையின் கடைசியில் தழைச்சத்து வைத்தால், டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் பள்ளத்தாக்குகளில் இளங்குருத்து முற்றாமல் நின்று பனியில் கருகும். உதகையைச் சுற்றியுள்ள தாழ்வான பகுதிகளில் செப்டம்பருக்குப் பின் நான் தழைச்சத்தைத் தொடுவதில்லை.

சத்துக் குறையை ஊசியிலையில் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதிச் செலவு மிச்சம். இதற்கு ஒரு எளிய திறவுகோல் உண்டு. தழை, மணி, சாம்பல் (பொட்டாசியம்), மக்னீசியம் ஆகிய சத்துகளை மரம் பழைய ஊசிகளிலிருந்து பிடுங்கிப் புது ஊசிக்குக் கொண்டுபோக வல்லது; அதனால் அவற்றின் குறை முதலில் பழைய ஊசியில் தெரியும். இரும்பு, துத்தநாகம், போரான் ஆகியவற்றை அப்படி இடம் மாற்ற முடியாது. அவற்றின் குறை புதுக் குருத்தில் தெரியும். மரம் முழுவதும் வெளிர் மஞ்சளாக, ஊசிகள் குட்டையாக இருந்தால் தழைச்சத்து. இளங்கன்றின் கீழ் ஊசிகள் ஊதா கலந்து மங்கினால் மணிச்சத்து. பழைய ஊசிகளின் நுனி மட்டும் பொன் மஞ்சளாகி அடிப்பாகம் பச்சையாக இருந்தால் மக்னீசியம். உச்சிக் குருத்தில் ஊசிகள் ரோஜா இதழ் அடுக்கியது போலக் குட்டையாக நெருங்கி நின்றால் துத்தநாகம். ஆஸ்திரேலியாவில் 1930களில் இத்தகைய பைன்களுக்குத் துத்தநாக சல்பேட் கரைசலைத் தெளித்தே மீட்டார்கள். உறுதியாகத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் மேல் கிளைகளிலிருந்து முற்றிய ஊசிகளைப் பறித்து ஆய்வுக்கு அனுப்பலாம்; உலர்ந்த ஊசியில் மணிச்சத்து ஏறத்தாழ 0.1 சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருந்தால் உரத்துக்குப் பலன் இருக்கும்.

போரானைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது ஏமாற்றும். நன்றாக வளர்ந்துவந்த கன்று, வறட்சி மாதங்களில் திடீரென்று உச்சிக் குருத்து வளைந்து, பிசின் கசிந்து, நுனியிலிருந்து காய்ந்து வரும். பிறகு மழை பெய்ததும் அதற்குக் கீழே பல குருத்துகள் ஒன்றாகக் கிளம்பி, நேராக எழ வேண்டிய மரம் புதராகிவிடும். பார்ப்பவர்கள் காட்டெருமை முறித்தது என்பார்கள், அல்லது பூச்சி என்று மருந்து அடிப்பார்கள். கிழக்கு ஆப்பிரிக்காவில், அன்று தாங்கனீகா என்று அழைக்கப்பட்ட இன்றைய தான்சானியாவில், பைன்களின் இந்த நுனி காய்தலுக்குப் போரான் பற்றாக்குறையே காரணம் என்று 1960களின் தொடக்கத்தில் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். மழையில் எளிதாகக் கரைந்து போகும் சத்து அது. மண் காயும்போது வேருக்குக் கிடைப்பதும் குறையும். 11 சதவீதம் போரான் கொண்ட போராக்ஸைக் கன்றுக்குச் சில கிராம் அளவில் மழைக்காலத்தில் சுற்றிலும் தூவினால் சரியாகிவிடும். கை நீண்டால் அதுவே நஞ்சு; போதுமான அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு என்பதால், தேக்கரண்டியால் அளந்து வைக்கச் சொல்கிறேன்; கை அளவுக்கு விடுவதில்லை.

இத்தனை கவனமும் இளம் பருவத்துக்கு மட்டுமே. கன்றுகள் வளர்ந்து கிளையோடு கிளை மோதி நிழல் மூடும் வரை, ஒவ்வொரு ஆண்டும் புதிதாக ஊசிக் கூட்டத்தைக் கட்ட வேண்டியிருப்பதால் மரம் மண்ணிடம் அதிகம் கேட்கிறது. அதன் வேரோ இன்னும் சிறியது. நிழல் மூடிய பின் கதை வேறு. உதிரும் ஊசியிலிருந்து சத்தைத் திரும்ப எடுத்துக்கொள்வதும், உதிர்ந்த சருகு மக்கிக் கொடுப்பதும் சேர்ந்து மரத்தின் தேவையில் பெரும்பகுதியைத் தாங்கும். ஆளுயரம் தாண்டி, அடியில் புல் வெளிறிச் சாகத் தொடங்கிய தோப்பில் மூட்டை மூட்டையாக உரம் தூவுவது பணத்தைச் சருகின்மேல் கொட்டுவது. உலகில் பட்டுலா பைன் பெருமளவில் நடப்பட்ட இடங்களில் ஒன்றான, இன்று எஸ்வாட்டினி என்று அழைக்கப்படும் சுவாசிலாந்தின் உசுட்டு காட்டில், பெரும்பாலான மண்ணில் உரமே இல்லாமல் முதல் தலைமுறையும் இரண்டாம் தலைமுறையும் வளர்ந்தன. காப்ரோ பாறையிலிருந்து வந்த மண் உள்ள ஒரு பகுதியில் மட்டும் இரண்டாம் தலைமுறை குன்றியது, அங்கே மணிச்சத்துக் குறையே காரணமாகத் தெரியவந்தது. எல்லா இடத்துக்கும் ஒரே மூட்டை என்ற எண்ணத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் உண்டு, இதைக் கேட்டு முகம் சுளித்துத் திரும்பிப் போனவர்களும் இருக்கிறார்கள். சோலைக்காட்டுக்கும் மலைப்புல்வெளிக்கும் அருகில் உள்ள நிலத்துக்கு நான் பைன் கன்று கொடுப்பதில்லை. பட்டுலாவின் விதைக்குச் சிறகு உண்டு. காற்றில் பறந்து புல்வெளியில் விழும் விதைக்கு அங்கே உரமும் தேவையில்லை, நாற்றங்காலும் தேவையில்லை. பூஞ்சணமோ முன்பே போய்க் காத்திருக்கிறது. பழனி மலையில் 1973-க்கும் 2014-க்கும் இடையில் மலைப்புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு அழிந்ததைச் செயற்கைக்கோள் படங்கள் காட்டின. அதைத் தின்றவை மரத்தோட்டங்களும் விவசாயமும். சீகைதான் அதில் பெரிய ஆள் என்றாலும் பைனுக்கும் பங்கு உண்டு. ஆகவே உரம் வைத்து வேகமாக வளர்த்து, வேகமாகக் காய்க்கவிட்ட ஒரு பைன் வரிசை புல்வெளியின் விளிம்பில் நிற்பதை நல்ல காடு வளர்ப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. தமிழ்நாடு அரசு 2022-ல் அயல் ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்கான கொள்கையை வெளியிட்டிருக்கிறது. வனத்துறை அகற்றிவரும் அந்நிய மரங்களையே நாம் அடுத்த வேலியில் புதிதாக நடுவது முறையாகப் படவில்லை.

பழைய தேயிலை நிலத்தின் நடுவில், அடிவாரத்தில், நாலாபுறமும் தோட்டமும் வீடும் சூழ்ந்த இடத்தில் காற்றுத் தடுப்புக்கு ஒரு வரிசை வேண்டும் என்றால் மறுக்க மாட்டேன். ஆனால் பட்டா நிலமே ஆனாலும், அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் மரம் வெட்ட 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி பொதுவாக அனுமதி வாங்க வேண்டும் என்பதை முன்பே சொல்லி வைப்பேன். இருபது ஆண்டு கழித்து, காற்றில் ஆடும் ஓங்கிய பைன் ஓட்டுவீட்டுக்கு மேல் சாய்ந்து நிற்கும்போது மனுவோடு அலைவதைவிட, இன்றே வீட்டிலிருந்து மரத்தின் முழு உயரத்துக்குத் தள்ளிக் குழி எடுப்பது மலிவு. சருகு கூரையிலும் சாக்கடையிலும் அடைத்துக்கொள்ளும், வறண்ட மாதங்களில் தீப்பிடிக்கும் என்பதும் அந்தத் தூரத்துக்குக் காரணங்கள். இவ்வளவையும் கேட்ட பிறகும் கன்று வேண்டும் என்பவர்களுக்கு, பையோடு ஒரு சீட்டும் கொடுத்து அனுப்புகிறேன். குழிக்கு 100 கிராம் சூப்பர் அல்லது அதே அளவு ராக் பாஸ்பேட், காய்கறி நிலம் என்றால் எதுவும் வேண்டாம். ஆண்டுக்கு இரண்டு முறை வட்டக் கொத்து. பிப்ரவரியில், போரான் குறை தெரிகிறதா என்று உச்சிக் குருத்தை அண்ணாந்து பார்ப்பது. கிளைகள் தொட்டுக்கொண்டதும் உரத்தை நிறுத்துவது.